கொல்லையில் வளர்ந்த பூச்செடிகள்

அடியிலிருந்தே பல தண்டுகளாகக் கிளைத்து, ஓர் ஆள் உயரத்திலோ சற்று மேலேயோ நின்றுவிடும் பல்லாண்டுச் செடிகள் புதர்ச்செடிகள் எனப்படும். மரத்துக்குரிய ஒற்றை அடிமரம் இவற்றுக்கு இல்லை. ஒரு தண்டு பட்டுப்போனாலும் அடியிலிருந்து வேறொன்று எழும்பிவிடும். செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, அரளி, கனகாம்பரம், டிசம்பர் பூ, மருதாணி, குரோட்டன்ஸ், காகிதப்பூ எல்லாம் இந்த இனத்தில் அடங்குபவை.

தஞ்சை, திருவாரூர் வட்டாரத்து வீடுகளில் இவை பெரும்பாலும் ஏதாவது ஒரு தேவைக்காகவே நடப்பட்டன. சாமிக்குப் பூ, தலைக்குப் பூ, தலை தேய்க்க இலை, மாடு நுழையாதிருக்க வேலி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. வாசலுக்கு வந்த அழகு அதோடு சேர்ந்து வந்ததுதான். மன்னார்குடியை அடுத்த ஓர் ஊரில் ஒரே குடும்பம் 1970-களிலிருந்து பேணிவந்த தோட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே செடிகளைப் பயன்படுத்திய விதமே அவற்றைப் பராமரித்த விதமாகவும் இருந்தது. அந்தப் பயன்பாடு குறைந்த பிறகுதான் பராமரிப்பு என்பது தனி வேலையாயிற்று.

இடமும் வெயிலும்

வீடு கிழக்கு பார்த்தது. திண்ணையை ஒட்டி ஒரு பக்கம் நந்தியாவட்டையும் மறுபக்கம் இட்லிப்பூவும் இருந்தன. தெருவோரம் மருதாணியும் சங்கங்குப்பியும் கலந்த வேலி. செம்பருத்தி கிணற்றடியில் நின்றது. சமையற்கட்டின் பின்வாசலுக்கு நேரே இருந்த பாத்தியில் கனகாம்பரமும் டிசம்பர் பூவும். அரளி மட்டும் கொல்லையின் தெற்குக் கோடியில், தொழுவத்து மாடுகளுக்கு எட்டாத தூரத்தில் தனியாக நின்றது.

இந்த அமைப்பை யாரும் காகிதத்தில் வரைந்து பார்க்கவில்லை. ஆனாலும் ஒவ்வோர் இடத்துக்கும் காரணம் உண்டு. செம்பருத்திக்கு முழு வெயிலும் வேண்டும், வேரடியில் ஈரமும் வேண்டும். ஈரம் தவறினால் மொட்டு விரியாமலே மஞ்சளித்து உதிரும். தண்ணீர் சிந்திக்கொண்டே இருக்கும் கிணற்றடி அதற்குப் பொருந்தியது. அரளி கோடைக்கு அஞ்சாத செடி. தேசிய நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில், வாரக்கணக்கில் தண்ணீர் இல்லாத இடத்திலும் அது பூத்து நிற்பதைக் காணலாம். ஆகவே வாளி தூக்கிப் போக முடியாத கோடி அதற்குப் போதும். கனகாம்பரம் அரைநிழலிலும் பூக்கும். மாலையில் வேலை ஓய்ந்த பெண்கள் பின்வாசல் படியிலிருந்து எட்டிப் பறிக்க அந்தப் பாத்தி வசதி. நந்தியாவட்டையும் சிறிது நிழலைப் பொறுக்கும். இரவில் அதன் மணம் கூடும் என்பதால், திண்ணையில் படுப்பவர்களுக்கு அது பக்கத்தில் இருப்பது நல்லது.

வெயிலின் அளவு எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டியது குரோட்டன்ஸ். மலாய்த் தீவுக்கூட்டத்தையும் பசிபிக் தீவுகளையும் சேர்ந்த இந்தச் செடிக்குப் பூ ஒரு பொருட்டல்ல. இலையின் மஞ்சளும் சிவப்பும்தான் அதன் பெருமை. வடக்குச் சந்தில் இருந்தவரை அதன் இலைகள் ஏறக்குறைய முழுப் பச்சையாகவே வந்தன. வாசல் பக்கம் மாற்றிய பிறகு பழைய இலைகள் பல உதிர்ந்தன. காலை வெயிலில் துளிர்த்த புதிய இலைகளில்தான் நிறம் ஏறியது. இடம் மாற்றினால் குரோட்டன்ஸ் இலை கொட்டுவது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து மறுபடி மறுபடி இடம் மாற்றினால்தான் செடி நலியும்.

மண்ணும் நடவும்

டெல்டாவின் மண் களி கலந்த வண்டல். சத்து உண்டு, வடிகால் குறைவு. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்ணீர் தேங்கும். வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். தேங்கிய நீரில் வேர் மூச்சடைத்து அழுகும். அப்போது இலை வாடுவதைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றுகிறவர்கள் உண்டு. அந்த வீட்டில் செடி நடும் இடத்தை எப்போதும் சுற்றுத்தரையைவிட ஒரு சாண் உயர்த்தியே அமைத்தார்கள். மழைநீர் வழிந்தோட ஓரத்தில் ஒரு சிறு வாய்க்காலும் இழுத்துவிடுவார்கள்.

குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடி. தோண்டிய குழியைச் சில நாள் வெயிலில் காயவிடுவார்கள். பிறகு மேல்மண், ஆற்று மணல், தொழுவத்துக் குப்பைக்குழியில் நன்றாக மக்கிய எரு மூன்றையும் கலந்து நிரப்புவார்கள். மக்காத சாணத்தை இட்டால் அது மண்ணுக்குள் நொதித்துச் சூடேறி இளவேரைக் கெடுக்கும், வேர்ப்புழுவையும் அழைத்துவரும். வேரைத் தாக்கும் புழுக்களையும் நூற்புழுக்களையும் மட்டுப்படுத்த வேப்பம் பிண்ணாக்கு ஒரு கை சேர்ப்பது வழக்கம். கனகாம்பரத்துக்கு இது கட்டாயம், ஏனென்றால் நூற்புழு அதன் முதல் எதிரி.

நடவுக்கு உகந்த காலம் ஆடியும் ஆவணியும். அப்போது அந்தியில் விழும் சிறுமழையில் வேர் பிடித்துவிடும். வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது செடி தன் காலில் நின்றுவிடும். வெயில் தாழ்ந்த பிறகு நட்டு, அடிமண்ணை மிதித்து அழுத்தி, குழி நிறையத் தண்ணீர் விட்டு, நாலைந்து நாளுக்குத் தென்னங்கீற்றால் நிழல் கட்டுவார்கள். செம்பருத்திக்கும் அரளிக்கும் செடிக்குச் செடி நான்கு முதல் ஆறு அடி. வேலிக்கு மருதாணிக் குச்சிகளை ஓர் அடிக்கு ஒன்றாக நெருக்கி நடுவார்கள்.

மண்ணைப் பற்றிய இன்னொரு பாடம் இட்லிப்பூவில் தெரிந்தது. சங்க இலக்கியம் வெட்சி என்று சொல்லும் இந்தச் செடி தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. சற்றே அமிலத்தன்மையுள்ள மண் அதற்குப் பிடிக்கும். திண்ணையின் பக்கச்சுவரைப் புதிதாகச் சிமெண்டால் பூசிய ஆண்டில், சுவரோரம் இருந்த செடியின் இளந்தளிர்கள் மஞ்சளாயின. நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றன. சுவரிலிருந்து இறங்கும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்குகிறது. காரமண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் அதை எடுத்துக்கொள்ள இயலாது. தளிர் மஞ்சளித்தால் இரும்புக் குறை, அடியிலை மஞ்சளித்தால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறை என்று பிரித்தறியலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து இலையில் தெளித்தால் புதிய தளிர் பச்சைக்குத் திரும்பும். நிலையான தீர்வு என்றால், சுவரிலிருந்து தள்ளி நட்டு மக்கிய எருவைத் தாராளமாக இடுவதுதான்.

தண்ணீர்

கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீரும், அரிசி களைந்த தண்ணீரும், குளியலறைத் தண்ணீரும் அந்தத் தோட்டத்துக்குப் போயின. சோப்பு கலந்த தண்ணீர் நேரே செடிக்குப் போகாது. வாழையும் கல்வாழையும் நின்ற வாய்க்காலில் ஓடி, வடிந்து, கடைசியில்தான் செம்பருத்தியை அடையும்.

நீரூற்றுவதில் பெரியவர்கள் கண்டித்துச் சொன்ன ஒன்று, மேலோட்டமாகத் தெளிக்கக் கூடாது என்பது. தினமும் மேல்மண் மட்டும் நனைந்தால் வேர் மேலேயே படரும். அப்படிப்பட்ட செடி ஒரு வேளை தண்ணீர் தவறினாலும் துவண்டுவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை குழி நிறைய ஊற்றினால் வேர் ஈரத்தைத் தேடி ஆழத்துக்குப் போகும். பூவாளி நாற்றுக்கும் கனகாம்பரப் பாத்திக்கும் மட்டும்தான். வளர்ந்த செடிகளுக்கு வாளித் தண்ணீர்.

சித்திரைக் கடைசியில் தொடங்கி வைகாசியின் முதல் பாதி வரை நீளும் கத்திரி வெயிலில் செடிகளின் அடியில் வைக்கோலும் சருகும் பரப்பப்படும். இந்த மூடாக்கு ஈரம் ஆவியாவதைக் குறைக்கும், களையை அடக்கும், பிறகு தானே மக்கி எருவாகும். தண்டை ஒட்டி மட்டும் நாலு விரல் இடைவெளி விடுவார்கள். எப்போதும் ஈரமான சருகு தண்டில் அப்பிக்கிடந்தால் அங்கே அழுகல் தொடங்கும்.

காகிதப்பூவுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த முட்செடியை, பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடியின் உலகப் பயணத்தில் உடன்சென்ற தாவரவியலாளர் பிலிபேர் கொமெர்சோன் 1767-இல் ரியோ டி ஜெனிரோவில் சேகரித்தார். பூ என்று எல்லோரும் பார்க்கும் நிறம் பூவினுடையதல்ல. மூன்று வண்ணச் செதில்களுக்கு நடுவே குச்சிபோல் நிற்கும் வெளிறிய சிறு குழல்கள்தான் பூக்கள். நிறையத் தண்ணீரும் எருவும் கிடைத்தால் அது இலையும் முள்ளுமாகத் தழைக்கும். தண்ணீரைக் குறைத்து மண்ணைக் காயவிட்டால் பூக்கும். அந்த வீட்டு வெளிக்கதவின் மேல் படர்ந்த காகிதப்பூ, கிணறு அடித்தட்டுக்குப் போகும் பங்குனி, சித்திரையில்தான் மிகுதியாகப் பூத்தது.

குச்சியும் பதியனும் விதையும்

அந்தக் காலத்தில் ஊரில் செடி விலைக்கு வாங்கியவர்கள் குறைவு. ஒரு வீட்டுச் செடி அடுத்த வீட்டுக்குக் குச்சியாகப் போகும். "அத்தை, ஒரு குச்சி ஒடிச்சுக்கட்டுமா?" என்று வாசலில் நின்று கேட்கும் குரலுக்கு மறுப்புச் சொல்வதில்லை. விளக்கு வைத்த பிறகு கேட்டால் மட்டும், "காலையில வாம்மா" என்று பதில் வரும். பொழுது சாய்ந்தபின் செடியைத் தொடக்கூடாது என்பது வீட்டு வழக்கம். கேட்டு வாங்கியதைவிடத் திருடி வைத்த குச்சிதான் நன்றாகப் பிடிக்கும் என்ற பேச்சும் ஊரில் இருந்தது. அதனால் வேலியோரச் செடிகளில் காரணம் தெரியாத முறிவுகளும் அவ்வப்போது காணப்படும்.

குச்சிக்குத் தேர்ந்தெடுப்பது பென்சில் கனமுள்ள, இளசும் முற்றலும் அல்லாத நடுக்கிளை. மூன்று நான்கு கணுக்களோடு ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கீழ்முனையை ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகச் சீவ வேண்டும். வேர் பெரும்பாலும் கணுவிலிருந்துதான் கிளம்பும். மேல்முனை காய்ந்துபோகாதிருக்க அதில் சாண உருண்டை வைப்பார்கள். இலைகளில் இரண்டை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுவார்கள். மணல் மிகுந்த நிழற்பாத்தியில் இரண்டு கணு புதையும்படி ஊன்றினால், ஒரு மாதத்துக்கு மேல் துளிர் தெரியும். துளிர் வந்த உடனே பிடுங்கி நடக் கூடாது. குச்சியில் சேமித்திருந்த சத்தைக் கொண்டே முதல் துளிர் வந்துவிடும். வேர் பின்னால்தான் வரும். இரண்டாவது இணை இலை விரிந்த பிறகு எடுப்பது பாதுகாப்பு.

செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி, மருதாணி, டிசம்பர் பூ எல்லாம் குச்சியில் எளிதாக வரும். இட்லிப்பூ சற்று முரண்டு பிடிக்கும். அதற்குப் பதியன் ஏற்றது. தாழ்ந்த கிளையை வளைத்து, நடுவில் பட்டையைச் சீவி, மண்ணில் புதைத்து மேலே ஒரு கல்லை வைத்துவிட்டால் தாய்ச்செடியின் உணவிலேயே அது வேர்விடும். குரோட்டன்ஸுக்கு விண்பதியன். கிளையில் ஒரு விரற்கடை அளவுக்கு வளையமாகப் பட்டையை உரித்து, ஈரமான தென்னை நார்ச்சோற்றை அப்பி, பாலித்தீன் தாளால் இறுகக் கட்டுவார்கள். இலையில் செய்யப்படும் உணவு பட்டை வழியாகத்தான் கீழே இறங்குகிறது. வளையத்தில் பட்டை அறுந்திருப்பதால் அது அங்கேயே தேங்கி வேரைத் தூண்டும். தாளுக்குள் வெள்ளை வேர் தெரிந்ததும் கட்டுக்குக் கீழே வெட்டி நட்டுவிடலாம். மழைக்காலம் இதற்குத் தோது.

விதையில் பெருக்கிய செடி கனகாம்பரம். முற்றிக் காய்ந்த அதன் காய்கள் நனைந்தால் பட்டென்று வெடித்து விதையை எறியும். பனி இறங்குவதற்கு முன்பே கதிர்களைப் பறித்து, ஒரு பாத்திரத்தில் இட்டுத் தண்ணீர் தெளித்து மூடிவைப்பார்கள். உள்ளே சடசடவென்று வெடிக்கும் ஓசை கேட்கச் சிறுவர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். பின்னாளில் பரவிய டெல்லிக் கனகாம்பரத்தில் இந்த வேடிக்கை இல்லை. அது மும்மடி குரோமோசோம் கொண்ட வகை என்பதால் விதை பிடிக்காது. குச்சி வைத்துத்தான் பெருக்க வேண்டும்.

கிள்ளலும் வெட்டும்

புதர்ச்செடி வளர்ப்பில் எல்லாவற்றையும்விட முக்கியமானதும், மக்கள் அதிகம் தயங்குவதும் வெட்டுவதுதான். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஆக்ஸின் என்னும் வளர்ச்சிப் பொருள் உண்டாகிக் கீழ்நோக்கி இறங்குகிறது. அது கீழ்க் கணுக்களில் உள்ள பக்கமொட்டுகளை அடக்கிவைக்கும். நுனியைக் கிள்ளினால் அந்தத் தடை நீங்கி, கீழே இரண்டு மூன்று மொட்டுகள் கிளைகளாக எழும். செம்பருத்தி, அரளி, இட்லிப்பூ, காகிதப்பூ எல்லாம் புதுக்கிளையில்தான் பூக்கின்றன. ஆகவே ஒரு நுனி போய் மூன்று நுனி வந்தால் பூவும் அந்த அளவுக்குக் கூடும்.

அந்த வீட்டில் முதல் இருபது ஆண்டுகளுக்கு இதற்கென்று யாரும் கத்திரி எடுத்ததில்லை. பாட்டியும் மருமகள்களும் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குச் செம்பருத்தி இலை பறிக்கும்போது, அரைக்க வழவழப்பாக இருக்கும் என்று நுனிக்கொழுந்தோடு சேர்த்துக் கிள்ளினார்கள். வாரந்தோறும் நடந்த அந்தக் கிள்ளலால் செடி இடுப்புயரத்தில் அடர்ந்து, கைக்கெட்டும் உயரத்தில் பூத்தது. இட்லிப்பூவைச் சாமி படத்துக்குக் கொத்தோடு ஒடிப்பார்கள். அதன் கீழ்க் கணுக்களிலிருந்து அடுத்த கொத்து கிளம்பும். ஆடியிலும் தீபாவளிக்கு முன்பும் மருதாணியைக் கிளையாகவே அரிவாளால் அறுப்பார்கள். கைக்குச் சிவப்பைத் தரும் லாசோன் என்ற நிறமி இளம் இலையில்தான் மிகுதி. அறுத்த வேலியில் வருவதும் இளம் இலைதான். டிசம்பர் பூவும் கனகாம்பரமும் தினமும் பறிக்கப்பட்டதால் விதை பிடிப்பதில் சத்தைச் செலவிடவில்லை.

1980-களின் பிற்பகுதியில் சின்னப் பாக்கெட்டுகளில் ஷாம்பு வந்தது. பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கிய அந்தப் பாக்கெட்டுகள் செம்பருத்தியின் உருவத்தையே மாற்றிவிட்டன. இலை பறிப்பது நின்றதும் செடி ஓட்டுக்கூரை வரை ஏறியது. அடித்தண்டுகள் மொட்டையாகிப் பூவெல்லாம் உச்சிக்குப் போயின. பூஜைக்குப் பறிக்கத் துறட்டி தேவைப்பட்டது. இதே காலத்தில் மாடுகளும் போயின. தொழுவத்து எரு நின்று, எருவுக்குக் காசு கொடுக்க வேண்டி வந்தது. அதன் பிறகுதான் செடி வெட்டும் கத்திரி ஒன்று வீட்டுக்கு வந்தது. வெட்டும் காலம் நாட்காட்டியில் குறிக்கப்பட்டது.

அப்போது கைக்கொண்ட முறை இது. அடைமழை ஓய்ந்த தை மாதத்தில் செம்பருத்தியையும் அரளியையும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைப்பது. முதலில் பட்ட கிளை, நோயுற்ற கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை ஆகியவற்றை அடியோடு நீக்குவது. பிறகு வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே சாய்வாக வெட்டுவது. அப்போது புதுக்கிளை வெளியே விரியும், புதரின் நடுவே காற்றும் வெளிச்சமும் போகும். நாள்பட்டு முற்றிய செம்பருத்தியை ஒரேயடியாக மொட்டையடிக்காமல், ஆண்டுக்கு ஒன்றிரண்டு முதிய தண்டுகளை மட்டும் அடியோடு எடுத்து, மூன்று ஆண்டில் முழுச்செடியையும் புதுப்பிப்பது. டிசம்பர் பூவைப் பூத்து முடிந்த மாசியில் வெட்டுவது. தாமதித்தால் அடுத்த மார்கழிக்குப் பூக்கும் கிளைகள் முற்றியிருக்காது. காகிதப்பூவை ஒவ்வொரு பூப்பருவமும் முடிந்தவுடன் குறைப்பது. இட்லிப்பூவில் வாடிய கொத்தை இரண்டு இலைக்குக் கீழே நறுக்குவது. இட்லிப்பூவைச் சுவர்போல ஒழுங்காக வெட்டிக்கொண்டே இருந்தால் பூவரும்பும் நுனிகள்தாம் போகும். அந்த ஒழுங்கு பூவைப் பொருட்படுத்தாத சங்கங்குப்பிக்கு ஏற்றது. கத்திரி வெயிலில் எதையும் கடுமையாக வெட்டுவதில்லை. நிழலில் இருந்த பட்டை திடீரென்று வெயில்பட்டுக் கருகும்.

பூச்சிகள்

நந்தியாவட்டையின் அடியில் மிளகைவிடப் பெரிய கரும்பச்சை உருண்டைகள் கிடந்தால், மேலே புழு இருக்கிறது என்று பொருள். அது அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு. விரல் நீளத்துக்கும் மேல் வளரும். உடல் இலைப்பச்சை, தலைக்குப் பின்னால் நீலக் கண்கள் போல இரண்டு புள்ளிகள். தொட்டால் தலையை உள்ளிழுத்து அந்தப் போலிக் கண்களைப் பெரிதாகக் காட்டும். ஓரிரு புழுக்கள் ஒரு கிளையின் இலைகளை ஓரிரவில் தின்று தீர்த்துவிடும். ஆனாலும் நந்தியாவட்டை மீண்டும் துளிர்த்துக்கொள்ளும் என்பதால் மருந்து தேவைப்பட்டதில்லை. பறித்துத் தூரத்தில் விடுவதே போதுமானதாக இருந்தது.

மாவுப்பூச்சி அப்படிப்பட்டதல்ல. செம்பருத்தியின் தளிரிலும் மொட்டுக் காம்பிலும் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் கூடி, சாற்றை உறிஞ்சும். தளிர் சுருண்டு குட்டையாகும். அது கழிக்கும் இனிப்பு நீரில் கரும்பூசணம் படரும். அந்த இனிப்புக்காக எறும்புகள் அதைக் காவல் காத்து, கிளைக்குக் கிளை எடுத்தும் செல்லும். எறும்பின் வரிசையைத் தடுக்காமல் மாவுப்பூச்சியை ஒழிக்க முடியாது. தாக்கிய நுனிகளை வெட்டி எரித்து, எஞ்சியதில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிப்பது வழக்கமான வைத்தியம். சோப்பு சேர்க்காவிட்டால் எண்ணெய் தண்ணீரோடு கலக்காது. உச்சி வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும்.

2008-இல் கோயம்புத்தூரில் முதலில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி இந்த வைத்தியத்துக்கு அடங்கவில்லை. மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட அது தமிழ்நாடெங்கும் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று கண்ட செடியில் எல்லாம் பரவியது. ஊரில் பல வீடுகளில் செம்பருத்தியை வேரோடு எடுத்துவிட்டார்கள். அந்தத் தோட்டத்தில் கிணற்றடிச் செடி முழங்கால் உயரத்துக்கு வெட்டப்பட்டு, துளிர்க்கத் துளிர்க்க மறுபடி வெள்ளை பூத்து நின்றது. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவி வரவழைக்கப்பட்டது. பெங்களூருவின் தேசியப் பூச்சி ஆய்வு நிறுவனமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதைப் பெருக்கி வயல்களில் விட்டன. குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். உள்ளே வளரும் அதன் புழு பூச்சியைத் தின்று வெளிவரும். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வெள்ளை குறைந்தது. அந்த வீட்டுச் செம்பருத்திக்கு யாரும் குளவியைக் கொண்டுவந்து விடவில்லை. அது தானாகவே பரவி வந்து சேர்ந்தது. கடும் பூச்சிக்கொல்லி அடிக்காமல் விட்ட செடிகளில்தான் குளவியால் நிலைக்க முடிந்தது.

நஞ்சும் பரவலும்

அழகுச் செடிகளில் சில ஆபத்தானவை. அரளியின் வேர் முதல் பூ வரை எல்லாப் பகுதியிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. காய்ந்தாலும் அது போகாது. மஞ்சள் அரளியின் கொட்டை மேலும் கொடியது. வெட்டிய அரளிக் குச்சியை அடுப்பெரிக்கவோ மாட்டுத் தீவனத்தோடு போடவோ அந்த வீட்டில் விட்டதில்லை. தனிக் குழியில் புதைப்பார்கள். பூப்பறித்த கையைக் கழுவாமல் சமையற்கட்டுக்குள் வரவும் கூடாது. நந்தியாவட்டை, குரோட்டன்ஸ் இவற்றின் பால் கண்ணிலும் தோலிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேறொரு வகை ஆபத்து உண்ணிச்செடி. ஒரே கொத்தில் பல நிறம் காட்டும் இதை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அழகுக்காகவே அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பழத்தைத் தின்ற பறவைகள் விதையைச் சுமந்தன. இன்று நீலகிரி, முதுமலைக் காடுகளில் புல்லையும் உள்ளூர்ச் செடிகளையும் அமுக்கிக்கொண்டு அது புதராய் மண்டிக்கிடக்கிறது. வேலிக்கு நல்லது என்று யாரோ கொடுத்த உண்ணிக் குச்சி அந்த வீட்டில் ஒரு முறை நடப்பட்டது. அடுத்த மழையில் கொல்லை முழுக்க முளைத்ததும் வேரோடு எடுக்கப்பட்டது. புதிய செடி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது அது வேலியைத் தாண்டுமா என்று கேட்பதும் தோட்டக்காரரின் பொறுப்பு.

புயலும் மீட்பும்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. டெல்டாவில் தென்னந்தோப்புகள் சரிந்தன. அந்த வீட்டுக் கொல்லையில் தென்னைகளும் ஒரு முருங்கையும் விழுந்தன. விழுந்த மட்டைகளுக்கு அடியில் அரளியும் நந்தியாவட்டையும் நசுங்கிக் கிடந்தன. காகிதப்பூ வெளிக்கதவோடு பெயர்ந்துபோயிருந்தது.

புயலுக்குப்பின் செய்ய வேண்டிய வேலைகளில் அவசரமானது வெட்டுவதல்ல. சாய்ந்த செடியை மண் ஈரமாக இருக்கும்போதே நிமிர்த்தி, வெளியே தெரியும் வேரை மண்ணால் மூடி, கழி நட்டுத் தளர்வாகக் கட்ட வேண்டும். வேர் காய்ந்துவிட்டால் பிறகு நிமிர்த்திப் பயனில்லை. கிழிந்த கிளைகளைக் கிழிசலுக்குக் கீழே சுத்தமாக அறுக்க வேண்டும். பிசிறான காயம் ஆறாது. எருவோ உரமோ உடனே வேண்டாம். புதுத்துளிர் வந்த பிறகு மெல்லத் தொடங்கலாம். எந்தத் தண்டு பிழைக்கும் என்பது ஒன்றிரண்டு மாதத்துக்குப் பிறகே தெரியும். நகத்தால் கீறினால் உள்ளே பச்சை இருக்கும் தண்டு பிழைக்கும். அந்தத் தையில் அரளி அடியிலிருந்து புதுத்தண்டுகளை எழுப்பியது. நந்தியாவட்டை பழைய கட்டையிலேயே துளிர்த்தது. சாய்ந்த தென்னைகள் எதுவும் மீளவில்லை. புயலடிக்கும் கடலோர மாவட்டத்தில் வீட்டைச் சுற்றிப் புதர்ச்செடிகளுக்கு இடம் கொடுப்பதற்கு இதுவே போதிய நியாயம்.

தொட்டிக்கு மாறிய செடிகள்

வீட்டுக் குடும்பம் சென்னைக்கும் திருச்சிக்கும் பிரிந்தபோது செடிகள் குச்சிகளாகத் தொட்டிகளுக்குப் போயின. தரையில் வளர்ந்த செடியின் விதிகள் தொட்டியில் சற்று மாறும். செம்பருத்திக்குக் குறைந்தது பதினைந்து அங்குலத் தொட்டி வேண்டும். இட்லிப்பூவின் குட்டை வகைக்குப் பன்னிரண்டு அங்குலம் போதும். செம்மண், மண்புழு உரம், தென்னைநார்க் கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து, அடித்துளையை ஓட்டுச் சில்லால் மூடிவிட்டு நிரப்பலாம். தென்னைநார்க் கழிவை இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் பயன்படுத்தினால் அதிலுள்ள உப்பு போகும். மாடியில் தண்ணீர் சீக்கிரம் வற்றும் என்பதால் கோடையில் தினமும் ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீரோடு சத்தும் கரைந்து அடியில் வெளியேறுகிறது. ஆகவே தரைச்செடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை இடும் எருவைத் தொட்டிச் செடிக்கு மாதம் ஒரு கையாகப் பிரித்து இட வேண்டும். ஊறவைத்துப் புளித்த கடலைப் பிண்ணாக்குத் தண்ணீரைப் பத்து மடங்கு நீர்சேர்த்து ஊற்றுவதும் நல்லது.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தை மாத வெட்டோடு சேர்த்துத் தொட்டியையும் மாற்ற வேண்டும். வேர் தொட்டியைச் சுற்றிச் சுருண்டிருக்கும். வெளிச்சுற்று வேரில் நாலில் ஒரு பங்கைக் கத்தியால் சீவிவிட்டு, அதே அளவுக்கு மேற்கிளையையும் குறைத்து, புதுமண்ணோடு மறுபடி வைத்து ஒரு வாரம் நிழலில் விடலாம். வேரும் கிளையும் ஒரே அளவில் குறைந்தால் செடி வாடாது. தொட்டி மாற்றாத மற்ற மாதங்களில், வாரம் ஒருமுறை நுனிகளைக் கிள்ளுவதும் வாடிய பூவை எடுப்பதும் இலையின் அடிப்புறத்தைப் புரட்டிப் பார்ப்பதும் போதும். பூஜைக்கும் தலைக்கும் தினமும் பறிக்கும் வீட்டில் இவை தாமே நடந்துவிடும். பறிக்காத வீட்டில் இவற்றுக்கென ஒரு கிழமையை ஒதுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.